வேண்டாம் என்று சொல்லப் போய், படுவான்கரையில் ரொட்டி சுட்டது

நான் இலங்கைக்குப் போனது ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருவதற்காக. "தூரம் ரொம்ப அதிகமுங்க, நமக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்பதுதான் அந்த வாக்கியம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். என் மனைவி சாந்தாமணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பொண்ணப் பெத்தவங்ககிட்ட வேண்டாம்னு சொல்றதா இருந்தா நேர்ல போய் முகத்தப் பார்த்துச் சொல்லோணும். போன்ல சொல்றதுக்கு இது என்ன கேஸ் சிலிண்டரா?" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகன் பிரபு கத்தாரில் வேலை பார்க்கிறான். அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கும் நிரோஷினியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். மட்டக்களப்புப் பெண். போட்டோவில் பார்த்தோம், வீடியோவில் பேசினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே குறை, நடுவில் கடல் இருந்தது. பவானியிலிருந்து கோபிச்செட்டிபாளையத்தில் பெண் எடுத்ததற்கே "அத்தனை தூரமா" என்று ஒரு வருஷம் பேசிய குடும்பம் எங்களுடையது.

சாந்தாமணியோடு கொழும்பில் ரயில் ஏறும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். எதிர் சீட்டில் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "நீங்க எந்தக் கட்சி எண்டு கேக்கிறாங்க." நான் பம்ப்செட் உதிரிபாகக் கடைக்காரன் என்று சொன்னேன். அதை அவர் என்னவாக மொழிபெயர்த்தாரோ, இருவரும் எழுந்து எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். வடைக்காரர் வந்தபோது எனக்கும் சேர்த்து வாங்கினார்கள். வடையின் மேல் ஓர் இறால் மீசையோடு முழுசாக உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடிப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. கடித்த பிறகு இரண்டாவது வடையை நானே கேட்டு வாங்கினேன்.

மட்டக்களப்பு ஸ்டேஷனில் பெண்ணின் அப்பா யோகராசா காத்திருந்தார். என் வயதுதான், அறுபதை ஒட்டி. வாவி என்று அவர்கள் சொல்லும் காயலுக்கு அக்கரையில் வயல் வைத்திருக்கிறவர். உயரமானவர், குரல் அதைவிட உயரம். "வாங்க அண்ணன், வாங்க. பயணம் சுகமா?" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்டோவில் சாந்தாமணி, நான், அவர், நாலு பைகள், அவர் வழியில் வாங்கிய ஒரு தயிர்ச் சட்டி. சட்டி என் மடியில். நாவற்குடாவில் அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது தயிரில் பாதிதான் சட்டியில் இருந்தது. நான் மாப்பிள்ளையின் அப்பாவாக இல்லாமல், கோயிலில் அபிஷேகம் முடிந்த சாமியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

யோகராசாவின் மனைவி பூரணம் இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் வைத்தார். பத்து இடியப்பம் ஆனதும் பக்கத்தில் வந்து நின்று, "காணுமா அண்ணன்?" என்று கேட்டார்.

எதையோ காணவில்லை போலிருக்கிறது என்று தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். நாற்காலிக்குக் கீழே குனிந்தும் பார்த்தேன். "காணோமுங்க" என்றேன்.

"காணாதாம்" என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டு அவர் இன்னும் நாலு இடியப்பம் வைத்தார். மூன்றாவது தடவை இது நடந்த பிறகுதான், 'காணும்' என்றால் அங்கே 'போதும்' என்று பொருள் என்பதைச் சாந்தாமணி என் காதில் சொன்னாள். அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டதாம். "நீங்க எம்புட்டுத்தான் திங்கறீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

அன்றைக்கு என் வாக்கியத்தைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அதற்குள் ஏதாவது ஒன்று போனது. பிறகு மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இடமிருந்தது.

இரண்டாம் நாள் யோகராசா எங்களைப் புளியந்தீவுக்குக் கூட்டிப்போய்க் கோட்டையைக் காட்டினார். கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் சுற்றிலும் வாவி. எங்கள் ஊரில் இரண்டு ஆறு கூடுவதற்கே இவ்வளவு பெருமை பேசுகிறோமே, இங்கே ஊரே தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்குள் ஒரு பொறாமை. "எங்க ஊருலயும் தண்ணி இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டைத் திறந்து காட்டினார். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"இது பிள்ளைட வீடு அண்ணன். எங்கட பக்கம் வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிய மாப்பிள்ளை இஞ்ச வந்து இரிப்பார். அதுதான் முறை."

முன் அறையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. காலை நீட்டிச் சாய்ந்துகொள்கிற பெரிய நாற்காலி. மாப்பிள்ளைக்காக வாங்கியது என்று சொல்லி அதன் தூசியைத் துண்டால் தட்டினார். பிரபு அதில் சாய்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குகிறான். நான்தான் கதிரையைச் சுற்றிக்கொண்டு தள்ளிப்போய் நின்றேன். எங்கள் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனைப் பற்றி அவன் செத்த பிறகும் பேசுவார்கள்.

மாலையில் யோகராசாவே பேச்சை எடுத்தார். "நாளைக்கு விடிய அக்கரைக்குப் போவம். எங்கட வட்டைக்குப் பக்கத்தில நல்ல மர நிழல் இரிக்கி. நெருப்பு மூட்டி நாங்க ஆம்பிளையள் ரெண்டு பேரும் சமைப்பம். பொம்பிளையள் ஆறுதலா ஆட்டோவில பாலத்தால சுத்தி வரட்டும். ஒரு விசயமும் கதைக்கக் கிடக்கு." வட்டை என்றால் வயல்வெளி என்று பிறகு விளக்கினார். "உங்களுக்குச் சமையல் வருமா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "எங்க ஊர்ல கெடா வெட்டுன்னா ஐந்நூறு பேருக்கு நாந்தானுங்க அடுப்படி" என்றேன். அடுப்படியில் நான் இருந்தது நிஜம். வெங்காயம் உரித்தேன். சாந்தாமணிக்குப் புரை ஏறியது. பூரணம் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

படுக்கும்முன் சாந்தாமணி, "நாளைக்காச்சும் சொல்லிப்போடுங்க. எங்களுக்கு முன்னாலயே போறீங்கல்ல, அதுதான் தோது. இன்னும் நாலு நாள் கழிச்சுச் சொன்னா அதுக்குப் பேரு துரோகம்" என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதம் வாதாடிப் பார்த்தவள், இப்போது என் பிடிவாதத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விடியும் நேரத்தில் தோணியில் சாமான்களை ஏற்றினோம். கோதுமை மா, தேங்காய், முட்டை, செத்தல் என்கிற காய்ந்த மிளகாய், ரொட்டிக்கல், கேத்தல் என்கிற தேநீர்க் கெட்டில், ஒரு கருங்கல் உரல்.

"உரல் எதுக்குங்க?"

"சம்பல் இடிக்க. மிக்ஸியில அடிச்சா அது சம்பல் இல்ல அண்ணன், சீக்காளிச் சாப்பாடு."

உரல் முன்னால், நான் நடுவில், அவர் பின்னால் நின்று நீளக் கம்பை ஊன்றித் தள்ளினார். தண்ணீர் அசையாமல் வெள்ளித் தகடு போலக் கிடந்தது. இந்த வாவியில் மீன் பாடுமாமே என்று கேட்டேன்.

"நிலாக் காலத்தில பாடும் எண்டு சொல்லுறாங்க. நாங்க இண்டைக்கு அதைச் சுடப் போறம்" என்றார்.

வழியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இரண்டு கொடுவா மீன் வாங்கினார். மீன்காரர் என்னையும் உரலையும் பார்த்துவிட்டு, "தோணி தாழுது யோகு. ஒண்ட இறக்கு" என்றார். எதை என்று சொல்லவில்லை.

அடுத்த ஐந்தாவது நிமிடம் தோணி மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. உரலை இறக்குவதைவிட என்னை இறக்குவது சுலபம் என்று முடிவாயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினேன். தோணி சட்டென்று விடுபட்டு முன்னே போனது. என் உடம்பும் கூடவே போனது, கால்கள் மட்டும் சேற்றில் நின்றுவிட்டன. எழுந்து பார்த்தபோது ஒரு செருப்பு இல்லை. யோகராசா கம்பால் கிளறித் தேடினார். ஒரு பழைய தகர டப்பா வந்தது, செருப்பு வரவில்லை.

அக்கரைக்குப் படுவான்கரை என்று பெயர். சூரியன் படுகிற கரை. மருத மரம் ஒன்றின் கீழே மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினோம். மரத்துக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல், தூரத்தில் நாலைந்து எருமைகள். நனைந்த சட்டையைக் கிளையில் காயப்போட்டுவிட்டு, 'ஐந்நூறு பேருக்குச் சமைத்தவன்' என்ற தோரணையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

யோகராசா தோணியிலிருந்து சாமான் எடுத்துக்கொண்டே சத்தம் போட்டார். "அண்ணன், முதல்ல பொச்ச நெருப்பில வைங்க. வடிவாப் புடிக்கும்."

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. உட்காருவதற்குப் பயன்படுகிற உறுப்பு. அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "என்னுதையாங்க?" என்று கேட்டேன்.

"ஆர்ட எண்டாலும் பரவாயில்ல. அங்க சாக்குக்குள்ள கிடக்கு, எடுங்க."

சாக்கைப் பிரித்தேன். உள்ளே உரித்த தேங்காய் மட்டையும் நாரும். அவருக்கு விளக்கிச் சொன்னதும் மனிதர் கையிலிருந்த கேத்தலைக் கீழே வைத்துவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படிச் சிரித்த மனிதனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தேநீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இன்னொரு குரல் பதில் சொன்னது.

மட்டை ஈரமாக இருந்தது. நான் ஊத, புகை என் பக்கம் வந்தது. இடம் மாறினேன், புகையும் மாறியது. கடைசியில் கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினேன். நெருப்பு ஒரேயடியாக எழுந்து என் இடது புருவத்தை எடுத்துக்கொண்டது. தீய்ந்த வாசம் வந்ததும் யோகராசா, "மீன் இன்னும் வைக்கல்லியே" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

ரொட்டிக்கு மா பிசைவது என் பொறுப்பு. மா, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. மா சேர்த்தேன். மா கூடிவிட்டது, தண்ணீர் சேர்த்தேன். இப்படியே இரண்டும் மாறி மாறிக் கூடியதில், நாலு பேருக்கான மா ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. யோகராசா பார்த்தார். "ஐந்நூறு பேருக்குச் சமைச்ச கை. குறைக்கத் தெரியா" என்று மரியாதையோடு சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அவர் சம்பல் இடித்தார். மிளகாயும் உப்பும் வெங்காயமும் மாசிக் கருவாடும் உரலில் இடிபட, அந்த நெடிக்கே பசி கிளம்பியது. தேசிக்காய் என்று அவர் சொன்ன எலுமிச்சையைப் பிழிந்து ஒரு விரல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நக்கினேன். என் மீதிப் புருவமும் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உரலைச் சுமந்து வந்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் மூன்று ரொட்டி கல்லிலிருந்து இறங்கியது. கேத்தலில் தண்ணீர் கொதித்தது. மஞ்சளும் மிளகாயும் பூசிய மீன்களைக் குச்சியில் குத்தி, ஆளுக்கொன்றாகத் தணலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெண்கள் வர இன்னும் அரைமணி நேரம். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றேன்.

"நானும் ஒண்டு சொல்லோணும் அண்ணன்" என்றார் அவர்.

"நீங்களே முதல்ல சொல்லுங்க."

அவர் மீனைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "குறை நினைக்க வேணாம். நான் நல்லா யோசிச்சன். இந்தச் சம்பந்தம் சரிவராது. தூரம் கூட. அதச் சொல்லத்தான் இஞ்ச கூட்டி வந்தன்."

என் வாக்கியம். நான் கடல் தாண்டிச் சுமந்து வந்ததை அவர் எடுத்துச் சொல்லிவிட்டார். நியாயப்படி நான் "சரிங்க" என்று சொல்லி, ரொட்டியைத் தின்றுவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது.

"ஏனுங்க? எம்பையனுக்கு என்ன குறைச்சல்?"

"குறை ஒண்டும் இல்ல. எனக்கு ஒரே பிள்ளை. உங்கட பக்கம் பொம்பிளய மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போவீங்களாம். மறுகா நான் அவளை எப்ப பாக்கிறது?"

"அதுக்காகங்களா? பிளேன்ல ஏறி உட்கார்ந்து பெல்ட் போடறதுக்குள்ள எறங்கச் சொல்றாங்க. இதெல்லாம் ஒரு தூரமா?" என்று கேட்டேன். ஆறு மாதமாகச் சாந்தாமணி எனக்குச் சொல்லிவந்த பதில் அது. ஒரு சொல் மாறாமல் என் வாயிலிருந்து வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வேண்டாம்னு சொல்லோணும்னு வந்த நானே பேசாம இருக்கறேன், நீங்க சொல்றீங்களே" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கை நின்றது. "நீங்க வேணாம் எண்டு சொல்லவா வந்தீங்க? என்ட பிள்ளையையா?"

இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். ஆளுக்கொரு மீனைப் பிடித்தபடி.

"அவள் கணக்கில எப்பிடிப்பட்ட பிள்ளை எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"எம்பையன் பொறந்ததுல இருந்து ஒரு பொய் சொன்னதில்லீங்க."

"உங்கட மகன் போன வருசம் காய்ச்சல்ல கிடந்த நேரம், மூண்டு நாள் கஞ்சி வச்சுக் குடுத்தது ஆரு?"

பிரபு காய்ச்சலில் கிடந்ததே எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறான். ஒரு கணம் தடுமாறினாலும் நானும் விடவில்லை. "உங்க பொண்ணு கார் பழகறப்ப கம்பெனி காரைச் செவுத்துல மோதிப்போட்டுச்சே, நாந்தான் ஓட்டுனேன்னு மேனேஜர்கிட்டச் சொல்லித் திட்டு வாங்குனது யாருங்க?"

சொன்ன பிறகுதான், அவன் பொய்யே சொல்லாதவன் என்ற வாதம் போய்விட்டதைக் கவனித்தேன். யோகராசா அதைக் கவனிக்கவில்லை. "கார மோதினவளா?" என்று மெல்லக் கேட்டார். "எங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல."

"காய்ச்சலு எங்களுக்கும் சொல்லலீங்க."

எங்களை விட்டுவிட்டு அதுகள் இரண்டும் அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டிருந்தன. யோகராசா நிலத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"வீட்ட ஏன்தான் கட்டினனோ" என்றார். "அதுகள் இஞ்சயும் இரிக்காது, உங்கட ஊர்லயும் இரிக்காது. கத்தார்லதான் இரிக்கும். பாக்கப் போறதெண்டா ரெண்டு பேரும்தான் பிளேன் ஏறோணும்."

"அப்பத் தூரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க."

"ஓம்" என்றார். அந்த 'ஓம்' நீளமாக வந்தது.

அப்போதுதான் பின்னால் 'சளப் சளப்' என்று ஒரு சத்தம். திரும்பினோம். ஓர் எருமை, பிசைந்து வைத்த மாச் சட்டிக்குள் கழுத்துவரை தலையை விட்டிருந்தது. நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து கொம்புவரை மா. வாயைத் திறக்க முடியாமல் மெல்ல மென்றது. எங்களைப் பார்த்த பார்வையில், உப்புக் கொஞ்சம் குறைவு என்பது போல ஒரு பாவனை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு, முறைக்காகக் காத்திருந்தன.

"மச்சான், அந்தப் பக்கத்தால மறியுங்க" என்று யோகராசா கத்தினார்.

ஒற்றைச் செருப்போடு ஓடினேன். ஓடும்போதுதான் உறைத்தது: இதுவரை அண்ணன் என்று கூப்பிட்ட மனிதர் மச்சான் என்கிறார். அதை அப்போது நின்று யோசிக்க எருமை விடவில்லை. மீன் குத்திய குச்சியைச் சுழற்றிச் சுழற்றி விரட்டினோம். மூன்றும் நிதானமாக, சாப்பிட்டு எழுந்த விருந்தாளிகள் போலப் போயின.

ஆட்டோ வந்து நின்றது. சாந்தாமணியும் பூரணமும் இறங்கினார்கள். சட்டையில்லாமல், ஒரு புருவத்தோடு நான். கரி அப்பிய முகத்தோடு யோகராசா. இரண்டு மீனும் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை.

"பாலத்தடியிலயே உங்கட சத்தம் கேட்டிச்சு" என்றார் பூரணம். "அப்பிடி என்னத்தக் கதைச்சீங்க?"

நான் யோகராசாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நாள் வைக்கிறதப் பத்தி" என்றார் அவர்.

"ஆமாங்க, நாள் குறிக்கறதப் பத்தித்தான்" என்றேன் நான்.

சாந்தாமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பத்தொன்பது கேள்வி கேட்கக்கூடிய முகம். ஒன்றுதான் கேட்டாள். "எந்த மாசமுங்க?"

"ஆவணி" என்றார் யோகராசா. அதே நொடியில் நான் "தை" என்றேன்.

பூரணம் பாய் விரித்து உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் மீனைத் திரும்ப நெருப்பில் வைத்து, கரியைச் சுரண்டி, முட்டையைக் கல்லில் ஊற்றி, மூன்று ரொட்டியை நாலாகப் பங்கு வைத்தார்கள். மீனின் உட்பக்கம் வெண்ணெயாக இருந்தது. சம்பலைத் தொட்டுக்கொண்டு வாயில் வைத்தபோது எல்லோருக்கும் கண்ணில் நீர் வந்தது, மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். இஞ்சி தட்டிப்போட்ட தேநீரில் கொஞ்சம் சாம்பலும் இருந்தது.

பூரணம் நான் சுட்ட ரொட்டியை ஒரு வாய் கடித்து, வெகுநேரம் மென்றார். எல்லோரும் அவர் விழுங்குவதற்காகக் காத்திருந்தோம்.

"ஆவணியோ தையோ, ஏதாலும் ஒண்டு வைங்க" என்றார் கடைசியில். "சமையலுக்கு மட்டும் ஆள் பிடிப்பம்."